ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை, நாகலூர் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிய காட்சி. பறித்துக் காயவைத்த மிளகு மூட்டையாகச் சேலத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து உப்புப் பாக்கெட் மேலே ஏறுகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்கள், அந்த இடத்தில் எதைப் போடுவது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த மலையில் அதற்கான பதில் மரத்திலேயே காய்க்கிறது.

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், நாமே நம் கையால் அள்ளிப் போடும் காரணம் உப்பு.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது; மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் அளவு. இந்தியர்கள் சராசரியாக 8 முதல் 11 கிராம் வரை சாப்பிடுகிறோம். உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் போக வேண்டாம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில், தலைக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் தலைக்கு 10 கிராம் போகிறது. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர் எல்லாம் இதில் சேராது. கருவாடும் சேராது. கடல் மீன் எளிதில் வந்துசேராத மலைச் சந்தைகளில் கருவாட்டுக்கு எப்போதும் தனி மவுசு உண்டு.

மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, சூப், பதப்படுத்திய இறைச்சி வழியாக வருகிறது. அதைக் குறைக்க அங்கே தொழிற்சாலைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆந்திரத்திலும் டெல்லி, ஹரியானாவிலும் நடந்த ஆய்வில், உணவு வழியே போகும் உப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வீட்டில் சேர்ப்பதுதான் என்று தெரிந்தது. இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் இன்றைக்குச் சாயங்காலக் குழம்பிலேயே தொடங்கலாம்.

உப்பில் 40 விழுக்காடு சோடியம். அது ரத்தத்தில் கூடும்போது கூடவே தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் கொள்ளளவு ஏறுகிறது. மிச்சத்தை வெளியேற்ற சிறுநீரகத்துக்கு அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. வருஷக்கணக்கில் இது நீடித்தால் ரத்தக்குழாய்ச் சுவர்கள் விறைத்துப்போகின்றன. வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்று நாம் நினைக்கிறோம். 1988இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரம் பேரைச் சோதித்தார்கள். உப்பே சேர்க்காத பிரேசில் காட்டு யானோமாமி மக்களின் சராசரி ரத்த அழுத்தம் 95/61தான் இருந்தது. வயது ஏறியும் அவர்களுக்கு அது ஏறவில்லை. அவர்களைப் போல நாம் வாழ முடியாது. ஆனால் அழுத்தம் ஏறுவது வயதின் விதியல்ல என்பதற்கு அவர்களே சாட்சி.

உப்புக் குறைந்தால் சாப்பாடு இறங்காதே என்பார்கள். முதல் சில வாரங்களுக்கு அது உண்மைதான். பிறகு நாக்கு மாறுகிறது. அமெரிக்காவின் மோனல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், உப்பைக் குறைத்துச் சில மாதங்கள் சாப்பிட்டவர்களுக்கு முன்பு பிடித்த அளவே கரிப்பாகப் பட்டதை 1982இல் காட்டினார்கள். அந்த இடைக்காலத்தைக் கடக்கத்தான் மிளகு. அதன் பைபரின் நாக்கின் வெப்ப நரம்பைத் தொட்டுக் காரம் தருகிறது. புளிப்போ, இருக்கிற உப்பையே தூக்கிக் காட்டும். சாமைச் சோற்றுக்கு மிளகு ரசம் வைக்கும்போது வழக்கமான உப்பில் முக்கால் பங்கு போட்டு, மிளகைக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போட்டு, இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். வீட்டில் யாரும் உப்புக் கேட்க மாட்டார்கள். நார்த்தங்காயையும் இப்படிப் பிழிந்து சேர்க்கலாம். ஊறுகாயாக்கினால் மறுபடி உப்புதான். பொரியலுக்குக் கடைசியில் தூவிய உப்பு நாக்கில் நேராகப் படுவதால் குறைவாகவே போதும். கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்காமல் இருக்கலாம்.

குறைக்கிறேன் என்று இந்துப்புக்கு மாறுவதில் பயனில்லை. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடினும் சேர்த்திருக்காது. மலைநாட்டில் இது முக்கியம். மழை மேல்மண்ணின் அயோடினை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் அங்கே விளையும் உணவில் அது குறைவாக இருக்கும், கழுத்துக்கழலை வரும். 1956இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசாமி குழுவினர் தொடங்கிய ஆய்வுதான் அயோடின் உப்பு அதைத் தடுக்கும் என்று நாட்டுக்குக் காட்டியது. எனவே அளவைக் குறையுங்கள், அயோடின் உப்பை விடாதீர்கள். ஏற்காட்டு மழைமூட்டத்தில் திறந்த உப்பு கசிந்து, ஜாடி அடியில் நீர் விடும். அந்த நீரோடு அயோடினும் போகும். இறுக்கமான மூடி போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டு நடந்த சோதனையில் இந்த உப்பு பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. முடிவு 2021இல் வெளியானது. நமக்கும் இது புதிதில்லை. 2014இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 'அம்மா உப்பு' கொண்டுவந்தபோது குறைந்த சோடியம் உப்பும் அதில் ஒரு வகை. ஆனாலும் சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 300 கடைகளில் விசாரித்தபோது, சிறு மளிகைக் கடைகளில் நூற்றுக்கு நான்கில்தான் அது கிடைத்தது. விலையும் சாதாரண உப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சென்னையிலேயே இந்த நிலை என்றால் மலைக்கிராமப் பெட்டிக்கடைக்கு அது எப்போது வரும்? ரேஷன் கடை வழியே சலுகை விலையில் கொடுத்தால் ஒழிய வராது. அரசு அதைச் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஆபத்தான அளவு ஏறக்கூடும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது, அந்த மாத்திரை எந்த வகை என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.