விரிசல் விழாத எலுமிச்சை சீஸ் கேக்!

கேக் என்றால் புசுபுசுவென்று உப்பி வரவேண்டும், இல்லையா? ஆனால், உப்பினால் கெட்டுப்போகிற கேக் ஒன்று இருக்கிறது. அதுதான் சீஸ் கேக்!

இதன் கதை ரொம்பப் பழசு. ரோம் நாட்டு கேட்டோ, கி.மு. 160 வாக்கில் எழுதிய வேளாண்மை நூலில், பாலாடைக்கட்டி, மாவு, முட்டை சேர்த்துப் பிசைந்து இலைமேல் வைத்துச் சுடும் பண்டம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பிறகு 1870களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் லாரன்ஸ் என்பவர் பாலாடைக்கட்டியில் க்ரீமையும் சேர்த்து 'க்ரீம் சீஸ்' தயாரித்தார். புகழ்பெற்ற நியூயார்க் சீஸ் கேக்கின் உயிரே இதுதான்!

தேவையானவை: பிஸ்கட் - 200 கிராம், உருக்கிய வெண்ணெய் - 100 கிராம், க்ரீம் சீஸ் - 500 கிராம், சர்க்கரை - 150 கிராம், முட்டை - 3, எலுமிச்சம்பழம் - 1.

சாஸுக்கு: ஸ்ட்ராபெர்ரி - 200 கிராம், சர்க்கரை - 4 டேபிள்ஸ்பூன்.

செய்முறை: பிஸ்கட்டைப் பொடித்து, வெண்ணெயில் பிசிறி, அடித்தட்டு கழன்று வரும் 8 அங்குல கேக் டின்னில் அழுத்திப் பரப்புங்கள்.

எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் துருவுங்கள். வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். க்ரீம் சீஸ், சர்க்கரை, தோல் துருவல், 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கட்டியில்லாமல் குழையுங்கள். கடைசியில் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கலக்குங்கள். நுரை வர அடிக்காதீர்கள்! காற்று புகுந்தால், கலவை சூட்டில் உப்பி, ஆறும்போது அமுங்கி, விரிசல் விழும்.

டின்னின் வெளிப்புறத்தில் அலுமினியத் தாளை 2 சுற்று சுற்றி, கலவையை ஊற்றி, வெந்நீர் ஊற்றிய தட்டில் வைத்து, 160 டிகிரி செல்சியஸில் பேக் செய்யவேண்டும். (சூடான ஓவன் பக்கம் பெரியவர்கள்தான் போகவேண்டும்!) வெந்நீர் எதற்கு? தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் ஓரங்கள் அவசரமாக வெந்து இறுகாது.

50 நிமிடத்தில் பாருங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி ஜெல்லி மாதிரி லேசாக ஆடினால் ஓவனை அணைத்துவிடலாம். 'வேகவில்லையே' என்று பதறவேண்டாம். மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும். கதவைக் கொஞ்சம் திறந்து, 1 மணி நேரம் உள்ளேயே விடுங்கள். நன்றாக ஆறியதும் ஓர் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, சர்க்கரையுடன் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் சாஸ் ரெடி. ஆறவைத்து, கேக்கின் மேல் ஊற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விரிசல் விழுந்துவிட்டதா? கவலையை விடுங்க குட்டீஸ். அந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி சாஸ்! ருசி கொஞ்சமும் குறையாது. அடுத்த தடவை இன்னும் மெதுவாகக் கலக்குங்கள்... அவ்வளவுதான்!