தேங்காய் நார்த்தூளில் மிளகாய்: உரம் போட்டும் செடி வாடுவது ஏன்?

செடிக்கு நேரம் தவறாமல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கடையில் வாங்கிய உரமும் போட்டாகிவிட்டது. ஆனாலும் இலை மஞ்சளாகிறது, பிஞ்சின் அடி கறுத்து அழுகுகிறது. கிள்ளான் தரைவீடுகளிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் பால்கனிகளிலும் மிளகாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வீட்டில் அடைபட்டுக் கிடந்த பலர் பாலிபேக்கில் செடி நட்டார்கள். அவர்களில் சிலர் பொழுதுபோக்கைத் தொழிலாக்கவும் முனைந்தார்கள். வீட்டில் நான்கு செடி பட்டுப்போனால் இழப்பு சில ரிங்கிட்தான். சேமிப்பையோ கடனையோ போட்டு ஆயிரம் பாலிபேக் அடுக்கியவருக்கோ ஒரு பருவத்துப் பிழை குடும்பத்தையே ஆட்டிவிடும். அந்தப் பிழை எப்போதும் பூச்சியால் வருவதில்லை. செடி நிற்கும் நார்த்தூளைப் புரிந்துகொள்ளாததாலும் வருகிறது.

மண்ணை விட்டு நார்த்தூளுக்குப் போனது ஏன்?

ஒரே நிலத்தில் மிளகாயும் தக்காளியும் தொடர்ந்து பயிரிட்டால் மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வாடல் நோய் தாக்குகிறது. காலையில் பசுமையாக நின்ற செடி மாலையில் தலை சாய்ந்துவிடும். இதைத் தவிர்க்க 2000ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் பரவிய முறைதான் 'பெர்திகாசி'. செர்டாங்கைத் தலைமையகமாகக் கொண்ட மார்டி எனும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் விவசாய இலாகாவும் இதை ஊக்குவித்தன. பாலிபேக்கில் மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய் நார்த்தூள். உரம் கரைத்த நீர் சிறு குழாய் வழியாக ஒவ்வொரு செடிக்கும் சொட்டும்.

நார்த்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். அதே வேளையில் வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஐந்து கிலோ கட்டி ஒன்றை நீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரை பொங்கிவிடும். ஆனால் மண்ணைப் போல் அது செடிக்குச் சோறு போடாது. செடிக்கு வேண்டிய சத்து அத்தனையும் நீரில் கரைந்தே வரவேண்டும்.

நார்த்தூள் வெறும் தூள்தானா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். தென்னை உப்பை விரும்பி வளரும் மரம். அதன் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவை இயற்கையாகவே நிறைந்துள்ளன. கடலோரத் தோப்பில் இருந்து வந்த மட்டையாக இருந்தாலோ, உவர்நீரில் ஊறிய மட்டையாக இருந்தாலோ உப்பு இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் மேலோட்டமான உப்பு போய்விடும். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு அதில் போகாது.

காலையில் கிள்ளானில் இருந்து கே.எல். சென்ட்ரல் செல்லும் கொமுட்டர் ரயிலை எண்ணிப் பார்க்கலாம். இருக்கைகளில் எல்லாம் ஆள் இருக்கிறார்கள். நார்த்தூளின் இருக்கைகளில் அமர்ந்திருப்பவை பொட்டாசியமும் சோடியமும். உர நீரில் கால்சியமும் மெக்னீசியமும் வந்து ஏறும்போது, அவை முன்னவற்றை எழுப்பிவிட்டுத் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. விளைவு என்ன? செடிக்கென்று ஊற்றிய கால்சியத்தை நார்த்தூள் பிடித்துக்கொள்கிறது. வேண்டாத சோடியம் வேருக்கு வந்து சேர்கிறது. முதல் சில வாரங்களில் இளந்தளிர் சுருண்டு கோணலாவதும், அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாவதும் இதனால்தான். முன்னது கால்சியக் குறை, பின்னது மெக்னீசியக் குறை.

இதற்கு வழி, நடுவதற்கு முன்பே இருக்கைகளைக் காலி செய்துவிடுவது. லிட்டருக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் நார்த்தூளை ஒரு நாள் ஊறவைத்து, பின்னர் நல்ல நீரில் அலசிவிட வேண்டும். தொழில் செய்வோர் வாங்கும்போதே, இப்படிப் பதப்படுத்திய தூளா, வெறுமனே கழுவிய தூளா என்று விற்பவரைக் கேட்பது நல்லது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பிஎச் அளவு எதற்கு?

நீர் புளிப்புத் தன்மை கொண்டதா, காரத் தன்மை கொண்டதா என்று காட்டுவது பிஎச். 7 நடுநிலை. அதற்குக் கீழ் புளிப்பு, மேலே காரம். 6க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.

நார்த்தூளில் வளரும் மிளகாய், தக்காளி, கீரை போன்றவற்றுக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்றது. 7ஐத் தாண்டினால் இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவை நீரில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும். அப்போது புதுத் தளிர் வெளிறும். 5க்குக் கீழே இறங்கினால் கால்சியம், மெக்னீசியம் ஏறுவது குறையும், வேரும் பாதிக்கப்படும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போடுபவர்கள் உண்டு. சோற்றைப் பரிமாறிவிட்டுச் சாப்பிடுபவரின் கையைக் கட்டிவைத்தது போன்ற நிலைமை அது. சோறு கூடினால் பசி தீராது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய் நீர் பெரும்பாலும் சிலாங்கூர், லங்காட் ஆறுகளில் இருந்து சுத்திகரித்து வருவது. இது மென்னீர். அளந்தால் பிஎச் 7ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கலாம். ஆனால் அந்த அளவைத் தாங்கிப் பிடிக்கும் சத்து நீரில் குறைவு என்பதால், சிறிதளவு அமிலம் சேர்த்தாலே சட்டென்று இறங்கிவிடும். எனவே சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கலக்கி, அளந்து பார்த்தே மேலே போகவேண்டும்.

உரமும் பிஎச்சை மாற்றும். ஆகவே முதலில் தண்ணீர், அடுத்து உரம், கடைசியில் பிஎச் திருத்தம் என்பதே சரியான வரிசை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் உடனடிப் பலன் தரும், ஆனால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் அளவு மீண்டும் ஏறிவிடும். தோட்டக்காரர்கள் பாஸ்பாரிக் அல்லது நைட்ரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். அவ்வாறு செய்யும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றுவது ஆபத்து.

ஏ உரம், பி உரம் என்று பிரிப்பது ஏன்?

பெர்திகாசி உரம் இரண்டு பொட்டலமாக வரும். ஏ பொட்டலத்தில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும் இருக்கும். பி பொட்டலத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், நுண்சத்துகள் இருக்கும். நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி இரண்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைத்தால், கால்சியம் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் தங்கிவிடும். பணம் கொடுத்து வாங்கிய சத்து வீணாவதோடு சொட்டுக் குழாயும் அடைத்துக்கொள்ளும். தனித்தனியே கரைத்து, நிறைய நீர் உள்ள தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

நீரில் எவ்வளவு உரம் கரைந்திருக்கிறது என்பதை இசி மீட்டர் காட்டும். உப்பு கூடக் கூட நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதைத்தான் இந்தக் கருவி அளக்கிறது. மிளகாய் நாற்றுக்கு 1.0 முதல் 1.4, வளரும் பருவத்தில் 1.6 முதல் 2.0, பூத்துக் காய்க்கும்போது 2.0 முதல் 2.5 மில்லிசீமன்ஸ் என்று படிப்படியாக உயர்த்துவது வழக்கம். இசி எவ்வளவு உப்பு என்றுதான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கழுவாத நார்த்தூளில் இசி 2.0 காட்டினால் அதில் ஒரு பகுதி சோடியமாகக்கூட இருக்கலாம்.

செடி என்ன சொல்கிறது?

அதை அறிய எளிய வழி, பாலிபேக்கின் அடியில் வடியும் நீரை அளப்பது. ஊற்றிய நீரில் 10 முதல் 20 விழுக்காடு வடிய வேண்டும். வடிநீரின் இசி, ஊற்றிய நீரைவிட மிகவும் கூடியிருந்தால் உப்பு தேங்குகிறது என்று பொருள். அப்போது அளவு குறைந்த உரநீரைத் தாராளமாக ஊற்றி அலச வேண்டும். குறைந்திருந்தால் செடி பசியோடு இருக்கிறது. வாரம் ஒருமுறை அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், இலை மஞ்சளாவதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிடும்.

பிஞ்சின் அடி கறுப்பதற்குக் கால்சியக் குறை காரணம் என்றாலும், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதும் அதைக் கொண்டுவரும். நீரோடு சேர்ந்துதான் கால்சியம் காய்க்குப் போய்ச் சேர்கிறது. நார்த்தூளின் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும்.

நீல உரமும் வாழைப்பழத் தோலும் போதாதா?

கடைகளில் கிடைக்கும் 12-12-17 நீல உரம் மண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் அம்மோனியம் உண்டு, செடி அதை உறிஞ்சும்போது வேரைச் சுற்றிலும் புளிப்புக் கூடும். நார்த்தூளுக்கு மிகவும் தேவைப்படும் கால்சியத்தை அதை நம்பி விட்டுவிட முடியாது. வாழைப்பழத் தோலில் உள்ளது முக்கியமாகப் பொட்டாசியம், நார்த்தூளில் ஏற்கெனவே மிகுந்திருப்பதும் அதுதான். முட்டை ஓட்டில் கால்சியம் இருந்தாலும் மிக மெதுவாகவே கரையும். மண் தொட்டிக்கு இவை துணை செய்யலாம். நார்த்தூளில் நிற்கும் செடியின் பசியை ஆற்ற இவற்றால் ஆகாது.

மழையையும் மறக்கக் கூடாது. பிற்பகலில் கொட்டும் ஒரு பெருமழை, திறந்த வெளியில் உள்ள பாலிபேக்கின் சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். தொழிலாகச் செய்வோர் பிளாஸ்டிக் கூரை போடுவது இதனால்தான். வீட்டில் தாழ்வாரமோ பால்கனியோ போதும். கூரை இல்லாதவர்கள் மழைக்கு மறுநாள் வடிநீரை அளந்து உரநீர் ஊற்றலாம்.

பிஎச் மீட்டரும் இசி மீட்டரும் இன்று சாதாரண விலையில் கிடைக்கின்றன. பிஎச் மீட்டரை 4, 7 அளவுக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்த்து, அதன் முனை காயாமல் வைத்திருக்க வேண்டும். சரிபார்க்காத மீட்டர் பொய் சொல்லும், அதை நம்பி ஊற்றும் அமிலம் செடியைக் கொல்லும்.

மலேசியாவுக்கு வேண்டிய மிளகாயில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. பண்டிகைக் காலத்தில் விலை ஏறுவதை ஒவ்வொரு இல்லத்தரசியும் அறிவார். இத்துறையில் இறங்க எண்ணும் இளைஞர்கள் முதலில் பத்துப் பாலிபேக்கில் ஒரு பருவம் முழுவதும் அளந்து, குறித்து, பழகிப் பார்க்கட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு ஆயிரம் பாலிபேக்கைப் பற்றி முடிவெடுப்பதே பணத்துக்குப் பாதுகாப்பு.