உங்களுக்குத் தெரியுமா? கோட்டைப் படத்தில் குட்டி மனிதர்கள்

மும்பையில் (அன்றைய பம்பாய்) கிங்ஸ் சர்க்கிளுக்குச் சற்று வடக்கே, குன்றின் மேல் நிற்கிறது சயான் கோட்டை. ஜெரால்ட் ஆஞ்சியர் ஆளுநராக இருந்தபோது, 1669-க்கும் 1677-க்கும் இடையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கட்டியது. அருகிலிருந்த ஓடைக்கு அப்பால் இருந்த சால்செட் தீவு அன்று போர்ச்சுக்கீசியர் வசம்.

● 1774-இல் சால்செட்டும் கம்பெனி கைக்கு வந்தது. எல்லைக் காவல் கோட்டை, வேடிக்கை பார்க்கும் மேடாயிற்று. ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் இங்கிருந்து தெரிந்த காட்சியை வரைந்தார். அவர் இறந்த பிறகு, 1800-இல் வெளியான 12 பம்பாய்க் காட்சிகளில் அதுவும் ஒன்று.

● ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தமிழகம் வந்து திருச்சி மலைக்கோட்டை, ராயக்கோட்டை முதலியவற்றை வரைந்தார்கள். திப்பு சுல்தானிடமிருந்து, ராயக்கோட்டை அடங்கிய பாராமகால் பகுதிக் கோட்டைகளைக் கம்பெனி பெற்றதும் அதே ஆண்டுதான். பின்னர் அச்சாகி வந்த அந்தப் படங்களை லண்டனில் வாங்கியவர்களுக்கு அவை அழகு மட்டுமல்ல, வெற்றிச் செய்தியும்கூட.

● இத்தகைய படங்களில் பிரம்மாண்டமான கோட்டைக்குக் கீழே மாடு மேய்ப்பவரும் வழிப்போக்கரும் விரற்கடை அளவே இருப்பார்கள். உழைப்பாளியைவிடச் சும்மா நிற்கும் குடியானவரே படத்துக்கு எடுப்பு என்று 1786-இல் எழுதினார் காட்சியழகு பற்றி எழுதிவந்த இங்கிலாந்தின் வில்லியம் கில்பின். போரும் வரியும் பசியும் படச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

பழைய கோட்டைப் படம் எதையாவது பார்க்க நேர்ந்தால், முதலில் அடிவாரத்து மனிதர்களைத் தேடுங்கள். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனியுங்கள்.