பூசணிப் பிஞ்சு ஏன் உதிர்கிறது?

சகோதரிகளே, உங்கள் வளவில் பூசணிக் கொடி வேலியெல்லாம் படர்ந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்தும், பிஞ்சுகள் வெம்பி உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். "கண்ணூறு பட்டுட்டு புள்ள" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருப்பார். பசளை போதாது என்று கணவர் சொல்லியிருப்பார். பூ விரிந்த காலையில் அதனுள் ஒரு தேனீயாவது வந்து போனதா என்று யாராவது பார்த்தீர்களா?

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. சுபஹோடு விரிந்து ளுஹருக்குள் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. மகரந்தமோ பாரமானது, பசைத்தன்மை உள்ளது. காற்று அதைக் கொண்டுபோகாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் பல தடவை வந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் மருந்தடிக்கிறோம்!

கத்தரியின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துவாரம் மட்டுமே உண்டு. உலுக்கினால்தான் தூள் நன்றாகக் கொட்டும். தேன் தரும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நாம் கண்டு பயப்படும், மரத்தில் துளை போடும் பெரிய கறுத்த வண்டு இருக்கிறதே, அதுவும் தேனீ இனம்தான். அது பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்துத் தூளை உதிர்க்கிறது. கொடித்தோடைப் பூவுக்கும் அதுவே பெரிய உதவி.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே கொண்டது. நமக்கோ தேனீ என்றதும் தேன் போத்தல்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் ஏறத்தாழ 150 இனத் தேனீக்கள் உள்ளன. தேன் தருபவை அவற்றில் மிகச் சிலவே. மற்றவற்றில் அநேகமானவை தனித்து வாழ்பவை. மண்ணில் வளை தோண்டியோ, காய்ந்த கொப்புகளிலோ முட்டையிடுபவை. துப்புரவு என்று வளவின் மூலை முடுக்கெல்லாம் கொத்தி, பட்ட கொப்புகளை எரித்தால் அவற்றின் குடியிருப்பும் போய்விடும்.

மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், பூச்சுருங்கிய பின், அஸருக்குப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள். வெயில் படும் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் விடுங்கள். வேலியோரத் தும்பையும் துளசியும் பூத்துக் கிடக்கட்டும். சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் வைத்துக் குடியிருக்கும் சின்னஞ்சிறு தேனீ கொட்டாது. அதைச் சீமெந்து வைத்து அடைத்துவிடாதீர்கள்.

தேனீக்கள் திரும்பி வரக் கொஞ்சக் காலம் எடுக்கும். அதுவரை, காலை எட்டு மணிக்கு முன் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் களைந்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கும்.