சாவி யார் கையில்?

சிறைக்குப் போன மகன் தண்டனை முடிந்து வீடு திரும்புகிறான் என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? அவனுக்குப் பிடித்த குழம்பை வைப்பாள். படுக்க இடம் ஒழித்து வைப்பாள். "இனிமேலாவது ஒழுங்கா இருப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். தோட்டத்து லயத்திலும் இதுதான், அமெரிக்காவிலும் இதுதான். ஆனால் அமெரிக்கத் தாய்மார் பலருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வீட்டிலிருக்கும் துப்பாக்கியை என்ன செய்வது?

துப்பாக்கியா, வீட்டிலா என்று நீங்கள் திகைப்பீர்கள். நியாயம்தான். இங்கே மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, கள்ளத்தனமாக வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்கிறது. அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே ஆயுதம் வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று 1791லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். மான் வேட்டைக்கு ஒன்று, திருட்டுப் பயத்துக்கு ஒன்று என்று துப்பாக்கி உள்ள வீடுகள் அங்கே ஏராளம்.

ஆனால் அந்த உரிமை எல்லாருக்கும் இல்லை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். சில விலக்குகள் உண்டு என்றாலும் பொது விதி இதுதான். அவர் எத்தனை மாதம் உள்ளே இருந்தார் என்பது கணக்கில்லை. சட்டம் எத்தனை ஆண்டு விதிக்க இடம் தருகிறது என்பதே கணக்கு. மன்னிப்போ உரிமை மீட்போ கிடைத்தாலொழிய இந்தத் தடை ஆயுளுக்கும் தொடரும். மீறினால் முன்பு 10 ஆண்டு வரை சிறை. 2022இல் அதை 15 ஆண்டாக உயர்த்தினார்கள்.

தொடாமலே குற்றமா?

அப்படியானால் ஒரே வீட்டில் வாழும் மனைவியோ தாயோ தம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாமா? மத்திய அரசின் சட்டம் அவர்களுடைய உரிமையைப் பறிப்பதில்லை. சிக்கல் எல்லாம் 'வைத்திருப்பது' என்ற ஒரே சொல்லில்தான் இருக்கிறது.

கையில் பிடித்தால்தான் வைத்திருப்பது என்று நாம் நினைப்போம். அந்நாட்டு நீதிமன்றங்கள் அப்படி நினைப்பதில்லை. தோட்டத்து ஸ்டோர் சாவி கிராணியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே போய் ஒவ்வொரு மூட்டையையும் தூக்கிப் பார்ப்பதில்லை. ஆனாலும் சரக்கு யார் பொறுப்பில் என்று கேட்டால் கிராணியைத்தானே காட்டுவோம்? அதைப் போலவே, துப்பாக்கி இருக்குமிடம் தெரிந்து, எடுக்கும் வசதியும் அதைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் ஒருவனுக்கு இருந்தால், தொடாவிட்டாலும் அது அவன் வைத்திருப்பதாகவே ஆகிவிடும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து புழங்கும் அலமாரி. அதில் மனைவியின் கைத்துப்பாக்கி. போலீஸ் சோதனைக்கு வருகிறது. "என்னுடையதல்ல, அவளுடையது" என்கிறான் கணவன். அந்த அலமாரியில் யாருடைய சட்டை மடித்திருக்கிறது, துப்பாக்கியில் யாருடைய கைரேகை என்றெல்லாம் கேள்வி வரும். ஒரே வீட்டில் வசிப்பது மட்டுமே குற்றமாகாது என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைவதற்குள் அவனுடைய வேலை போய்விடலாம். குடும்பத்தின் சேமிப்பும் கரைந்துவிடலாம்.

தெரிந்தே அவனிடம் துப்பாக்கியைக் கொடுத்தால் மனைவியும் குற்றவாளிதான். அவளுக்கும் 15 ஆண்டு வரை சிறை உண்டு.

கோர்ட் சொன்ன வழி

டோனி ஹெண்டர்சன் என்பவர் எல்லைக் காவல் படையில் வேலை பார்த்தவர். கஞ்சா விற்றதாக 2006இல் அவர்மீது வழக்கு வந்தது. ஜாமீனுக்காகத் தம் துப்பாக்கிகளை எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்தார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவித்தார். வெளியே வந்தபின், அவற்றைத் தம் நண்பருக்கோ மனைவிக்கோ மாற்றித் தரும்படி கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இன்னொருவருக்கு மாற்றலாம், ஆனால் வாங்குகிறவர் அவரிடம் திருப்பிக் கொடுக்கவோ, அவர் சொன்னபடி பயன்படுத்தவோ மாட்டார் என்று கோர்ட் நம்ப வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஆளுகையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இடமில்லை.

சில மாநிலங்கள் பூட்டைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. நியூயார்க்கில் 2013இல் இயற்றிய சட்டமும், கலிபோர்னியாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், தடை பெற்றவருடன் வாழ்கிறோம் என்று தெரிந்தவர் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும், இல்லையேல் தம் வசத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன.

பரோலில் வந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த வீட்டில் யாருடைய துப்பாக்கியும் இருக்கக் கூடாது என்றே நிபந்தனை இருக்கலாம். கலிபோர்னியாவில் பரோலில் உள்ளவரைச் சந்தேகம் எதுவுமின்றியே சோதனை போடலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, அங்குள்ள குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, மகன் வருமுன்பே பரோல் அதிகாரியையும் வழக்கறிஞரையும் கேட்பது. கூடாது என்றால் துப்பாக்கியை வேறு வீட்டில், தடையில்லாத ஒருவரிடம் வைத்துவிட வேண்டும். வைக்கலாம் என்றால் கனமான இரும்புப் பெட்டி. அதன் சாவியோ எண்ணோ உடைமைக்காரரிடம் மட்டும். ஆணியில் மாட்டிய சாவி பூட்டே இல்லாததற்குச் சமம். தோட்டாக்களும் அதே பெட்டிக்குள் போக வேண்டும். மேசை இழுப்பறையில் மறந்த ஒரே ஒரு தோட்டாவும் வழக்காகலாம். "சும்மா துடைத்து வை" என்றுகூட மகனிடம் கொடுக்கக் கூடாது.

பெற்ற மகனிடமிருந்து சாவியை ஒளிப்பதா என்று தாய் மனம் சங்கடப்படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பூட்டு அவன்மேல் உள்ள சந்தேகத்துக்காக அல்ல. நாளைக்கு யாராவது வந்து கேட்டால், "என் பிள்ளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே தெரியாது" என்று அவள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதற்காக.

நம் லயங்களில் துப்பாக்கி இல்லை. ஆனால் சிறையிலிருந்து திரும்பும் பிள்ளைகள் உண்டு. 'திருந்து' என்று வாயால் சொல்லிவிட்டு, பழைய கூட்டாளிகளை அதே திண்ணையில் உட்கார வைக்கிறோம். சாராயப் போத்தலை அதே அலமாரியில் விட்டு வைக்கிறோம். அவன் வருமுன் நம் வீட்டில் எதைப் பூட்ட வேண்டும் என்று இன்றிரவு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிப் பாருங்களேன்.