மேஃபிளைப் போலி ஈ

மேஃபிளைப் போலி ஈ என்பது, ட்ரவுட் மீனைப் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளின்மீது இறகு, மயிர், நூல் ஆகியவற்றைக் கட்டி, மேஃபிளை என்னும் பூச்சியின் உருவில் செய்யப்படும் செயற்கை இரை ஆகும். மேஃபிளைகள் ஆற்றிலிருந்து பெருந்திரளாகச் சிறகு பெற்று எழும் பருவத்தில் இது பயன்படுத்தப்படுகின்றது. இம்முறை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாக உள்ளது. எனினும் இக்கட்டுரை, தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சென் முதலிய ஆறுகளில் எபிமெரா டானிக்கா என்னும் இனத்தை ஒட்டி வளர்ந்த மரபையே முதன்மையாக விளக்குகின்றது.

பெயர்

மேஃபிளைகள் எபிமெரொப்டெரா என்னும் பூச்சி வரிசையைச் சேர்ந்தவை. இவ்வரிசையில் 3000 இனங்களுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. பெயரில் ஈ என்னும் பொருள் இருப்பினும் இவை ஈக்கள் அல்ல. ஈக்கு இரு சிறகுகளே உண்டு, மேஃபிளைகளுள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு உண்டு. நம் நாட்டில் மழைக்குப் பின் எழும் ஈசலுடனும் இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஈசல் மண்ணிலிருந்து எழும் சிறகு முளைத்த கறையான். மேஃபிளை நீரிலிருந்து எழுவது. எனினும் குறுகிய காலத்தில் கூட்டமாக எழுந்து, கண்டதெல்லாம் தின்னும் விருந்தாகி மடிவதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. ஈசல் எழும் மாலையில் காக்கையும் ஓணானும் கொள்ளும் பரபரப்பைப் பார்த்தவர்களுக்கு, ஆற்றில் ட்ரவுட் படும் பரபரப்பை எளிதில் உணர இயலும்.

இங்கிலாந்தின் தூண்டிற்காரர்கள், மேஃபிளை என்று பொதுவாகச் சொல்லும்போது எபிமெரா டானிக்கா முதலான பெரிய இனங்களையே குறிக்கின்றனர். சிறியவற்றை ஆலிவ் முதலிய வேறு பெயர்களால் அழைப்பர். பூச்சிகள் சிறகு பெற்று எழுவதை அவர்கள் 'ஹேட்ச்' என்கின்றனர். இச்சொல்லுக்கு முட்டை பொரித்தல் என்று பொருள் இருந்தாலும், இங்கு நடப்பது முட்டை பொரித்தல் அன்று. நீரில் வளர்ந்த இளவுயிரி தோலுரித்துப் பறக்கும் உருவடைவதே ஆகும்.

வாழ்க்கை வட்டம்

நீருள் முட்டையிலிருந்து வெளிப்படும் இளவுயிரி, ஆற்றுப்படுகையின் நுண்மணலிலும் சேற்றிலும் வளை தோண்டி வாழ்கின்றது. அதன் தலையின் முன்புறம் தோண்டுவதற்கு உதவும் இரு தந்தங்களும், வயிற்றுப் பகுதியில் இறகு போன்ற செவுள்களும் உள்ளன. இவ்வாறு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. பின்னர், மே மாதப் பிற்பாதியிலும் சூன் தொடக்கத்திலும், அது நீந்தி மேற்பரப்பை அடைந்து தோலைப் பிளந்து வெளியேறுகின்றது. இவ்வுருவம் 'டன்' எனப்படும். இதன் சிறகுகள் மங்கிய பச்சை கலந்த மஞ்சள் நிறமானவை. சிறகு விரிந்து பறக்கும் வரை இது நீரின்மேல் ஒரு சிறு பாய்மரப் படகு போல மிதந்து செல்லும். ட்ரவுட்டுக்கு வாய்ப்பான நேரம் இதுவே.

தப்பிப் பறந்த டன், கரையோர மரஞ்செடிகளில் ஒதுங்கி, ஓரிரு நாளில் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கின்றது. பறக்கும் சிறகு பெற்ற பின்னரும் தோலுரிக்கும் பூச்சி, இன்று வாழ்வனவற்றுள் மேஃபிளை ஒன்றே. இவ்விறுதி உருவமான 'ஸ்பின்னர்', கண்ணாடி போன்ற சிறகுகளையும் நீண்ட மூன்று வால்களையும் உடையது. சிறகு பெற்ற பூச்சி எதையும் உண்பதில்லை. அதன் வாயுறுப்புகள் செயலற்றவை. ஆண்கள் மாலையில் மரங்களை ஒட்டி மேலெழுந்தும் தாழ்ந்தும் கூட்டமாகப் பறக்கும். இணைசேர்ந்த பெண், நீரில் வயிற்றைத் தொட்டுத்தொட்டு ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டபின், சிறகுகளைப் பக்கவாட்டில் விரித்தபடி நீரில் வீழ்ந்து இறக்கின்றது.

ட்ரவுட்டின் நடத்தை

டெஸ்ட், இட்சென் ஆகியவை சுண்ணப்பாறை ஆறுகள். மழைநீர் சுண்ணப்பாறையில் ஊறி ஊற்றாக வெளிப்படுவதால் நீர் தெளிவாகவும், ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத வெப்பநிலையிலும் (ஊற்றுக்கண்ணில் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு) உள்ளது. உலகிலுள்ள இவ்வகை ஆறுகளுள் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே உள்ளன. இத்தெளிந்த நீரில் மீனை மனிதன் காண்பது போலவே மீனும் மனிதனைக் காணும்.

எழுச்சியின் முதல் சில நாட்களில், பெரிய பூச்சிகள் தலைக்கு மேலே மிதந்து சென்றாலும் ட்ரவுட் தயங்குவதுண்டு. பின்னர் தயக்கம் நீங்கி, ஆண்டின் பிற நாட்களில் மேற்பரப்பை நாடாத பெரிய மீன்களும் மேலே வந்து உண்ணும். இதனால் இக்காலம் 'கத்துக்குட்டியின் இருவாரம்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைப் பெற்றுள்ளது. இப்பெயர் ஓரளவே பொருந்தும். நூற்றுக்கணக்கான உண்மைப் பூச்சிகள் மிதக்கும்போது போலி ஈ அவற்றுள் ஒன்று மட்டுமே. வயிறு நிறைந்த மீன் அதைப் பொருட்படுத்துவதில்லை. தேர்ந்தவரும் வெறுங்கையுடன் திரும்பும் நாட்கள் இவ்விருவாரத்தில் உண்டு.

போலி ஈ கட்டுதல்

முள்ளை அசையாமல் பிடிக்க 'வைஸ்' எனும் சிறு பிடிகருவி, நூல் சுற்றிய பாபின், கூரிய கத்தரிக்கோல், இறகைப் பிடித்துச் சுற்றும் சிறு கவ்வி, மெருகுநெய் ஆகியவை போதுமானவை. முட்களின் எண் கூடக்கூட அளவு குறையும். எபிமெரா டானிக்காவுக்கு 10 அல்லது 12 எண்ணுள்ள, தண்டு நீண்ட முட்கள் பயன்படுகின்றன.

டன் உருவுக்கு இன்று பெரிதும் கட்டப்படுவது 'கிரே உல்ஃப்' ஆகும். அமெரிக்கரான லீ உல்ஃப் (1905–1991) 1930 வாக்கில் இதனை உருவாக்கினார். அதுவரை சிறகுகளுக்கு மெல்லிய இறகுகளே பெரிதும் பயன்பட்டன. அவை ஓரிரு மீன்களின் வாய்பட்டதும் நைந்து மூழ்கின. உல்ஃப் மான்வால் மயிரைப் பயன்படுத்தியதால் ஈ பருமனாகவும் நெடுநேரம் மிதப்பதாகவும் அமைந்தது. (உல்ஃப் பிடிகருவியின்றி விரல்களாலேயே ஈக்களைக் கட்டியவர். பிறர் இதைப் பின்பற்ற முயல்வது வீண்.)

கட்டும் முறை வருமாறு. முதலில் முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் அமைக்க வேண்டும். வெறும் இரும்பின்மேல் கட்டினால் எல்லாம் சுழன்றுவிடும். பழுப்பு மான்வால் மயிரில் ஒரு சிறு கற்றையை எடுத்து, அடியிலுள்ள குறுமயிரைச் சீவி நீக்கி, நுனிகளைச் சமமாக்கி, முள்ளின் கண்ணிலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தொலைவில் நுனிகள் முன்னோக்கி இருக்குமாறு கட்ட வேண்டும். கற்றையின் முன்புறம் நூலைச் சுற்றிச்சுற்றி அதை நிமிர்த்தி, இரண்டாகப் பிரித்து, 8 என்னும் எண்ணின் வடிவில் நூலை இடையே செலுத்தினால் இரு சிறகுகள் நிற்கும். தொடக்கநிலையினர் பிழை செய்வது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. கற்றை பெரிதாக இருந்தால் ஈ தலைகனத்துக் கவிழும். தீக்குச்சியின் பருமனுக்கு மேல் மயிர் வேண்டியதில்லை.

அடுத்து, அதே மயிரால் வாலைக் கட்ட வேண்டும். ஈயின் பின்பகுதியைத் தாங்குவது வால் என்பதால் இதனைக் குறைத்தல் கூடாது. சாம்பல் நிற முயல் மயிரையோ கம்பளியையோ நூலோடு முறுக்கி உடலைச் சுற்றுக. இறுதியாக, நீலங்கலந்த சாம்பல் நிறமுள்ள சேவல் கழுத்திறகுகள் இரண்டைச் சிறகுகளுக்குப் பின்னும் முன்னும் சுற்ற வேண்டும். சேவலின் கழுத்திறகே ஏற்றது. பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது, நீரை உறிஞ்சும். சுற்றியபின் நாற்புறமும் விறைத்து நிற்கும் இழைகளே ஈயை நீரின் மேல்தோலில் தாங்குகின்றன. நூலை முடிந்து, முடிச்சில் ஒரு துளி மெருகுநெய் இட வேண்டும். கண்ணின் துளையை அது அடைத்துவிடாமல் காத்தல் நன்று. ஆற்றங்கரையில் அடைபட்ட துளையைத் திறக்க முயல்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பழைய ஆங்கில வகைகளில் உடலுக்கு ராஃபியா நாரும், வாலுக்குச் ஃபெசன்ட் சேவலின் வாலிறகு இழைகள் மூன்றும், கழுத்துக்குப் பிரெஞ்சுக் கவுதாரியின் இறகும் பயன்பட்டன. இறந்து மிதக்கும் ஸ்பின்னருக்கு வெளிறிய உடலும், நீர்மட்டத்தில் படுக்கையாக விரியும் சிறகுகளும் வேண்டும். இளவுயிரி வகைக்குத் தந்த நிறக் கம்பளியும் உட்சுற்றிய கம்பியும் ஏற்றவை.

மீன்பிடிக்கும் முறை

சாதாரணத் தூண்டிலில் எடைக்குண்டோ இரையோ நூலை இழுத்துச் செல்கின்றது. போலி ஈக்கு எடை இல்லை. எனவே கனமான தடித்த நூலையே வீச வேண்டும், ஈ அதனைப் பின்தொடரும். தடித்த நூலுக்கும் ஈக்கும் இடையே முனையை நோக்கி மெலியும் நைலான் இழை உண்டு. மேஃபிளைக்கு இம்முனை மிக மெல்லியதாக இருத்தல் ஆகாது; பெரிய சிறகுகள் காற்றில் காற்றாடி போலச் சுழன்று இழையை முறுக்கிவிடும்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், கீழ்த்திசையிலிருந்து பின்னால் அணுகி, மீனுக்குச் சற்று மேலே ஈ விழுமாறு வீசுவர். மீன் வெளியுலகைத் தன் தலைக்கு மேலே ஏறத்தாழ 97 பாகைக் கோணமுள்ள கூம்பின் வழியே மட்டும் காண்கின்றது. அதற்கு அப்பால் நீரின் மேற்பரப்பு அடிப்புறமிருந்து ஒரு கண்ணாடியாகத் தோன்றும். ஆகவே வரும் பூச்சியில் மீன் முதலில் காண்பது, அதன் கால்கள் நீர்த்தோலில் உண்டாக்கும் ஒளிப்புள்ளிகளையே. கழுத்திறகின் நேர்த்தி இங்குதான் பயன் தருகின்றது.

இதில் பெரும் இடையூறு 'இழுவை' ஆகும். ஆற்றின் நடுவில் நீர் விரைவாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். குறுக்கே கிடக்கும் நூலை விரைவோட்டம் இழுக்க, ஈ நீரில் கீறிக்கொண்டு ஓடும். உண்மைப் பூச்சி அவ்வாறு செல்வதில்லை, மீன் விலகிவிடும். நூலைச் சற்றுத் தளர்வாக விழச்செய்தால் சில நொடிகளுக்கு இது தள்ளிப்போகும். அந்நொடிகளே மீன் பிடிபடும் காலம். மீன் கவ்வியதும் உடனே இழுப்பது மற்றொரு பொதுவான பிழை. பெரிய ஈயை ட்ரவுட் நிதானமாகவே வாயில் கொள்ளும். அது தலையைத் தாழ்த்தித் திரும்பிய பின்பே கோலை உயர்த்த வேண்டும்.

மாலையில் ஸ்பின்னர்கள் வீழும்போது, ஓசையின்றித் தோன்றும் சிறு வளையங்கள் ஏமாற்றுபவை. தப்ப இயலாத இரையை மீன் அவசரமின்றி உறிஞ்சுவதால் பெரிய மீனும் சிறு வளையமே எழுப்பும்.

அயர்லாந்தின் காரிப், மாஸ்க் ஏரிகளில் முறை வேறு. அங்கு படகிலிருந்து நீண்ட கோலில் மெல்லிய நூலைக் காற்றில் பறக்கவிட்டு, உயிருள்ள மேஃபிளைகளையே முள்ளில் கோத்து நீரில் தொட்டாடச் செய்வர்.

வரலாறு

சார்லசு காட்டன், ஐசக் வால்டனின் மீன்பிடி நூலுக்கு 1676இல் எழுதிய இரண்டாம் பகுதியில் மேஃபிளையையும் அதற்கான ஈயையும் விரிவாக விவரித்தார். டெஸ்ட் ஆற்றங்கரையில் ஸ்டாக்பிரிட்ச் ஊரில் ஹௌட்டன் கழகம் 1822இல் தோன்றியது. பிரெடெரிக் ஹால்ஃபோர்டு (1844–1914), சார்ச் செல்வின் மேரியட்டின் துணையுடன் ஆராய்ந்து 1886இல் வெளியிட்ட நூல், மிதக்கும் ஈக்களுக்கு இலக்கணம் வகுத்தது. மேலெழுந்து உண்ணும் மீனைக் கண்ட பின்பே, மேல்திசை நோக்கி, மிதக்கும் ஈயையே வீச வேண்டும் என்பது அவர் வழி. பின்வந்தோர் இதனை ஏறத்தாழ ஒரு மதக்கட்டளையாகவே ஆக்கினர். நீருக்கடியில் இளவுயிரி வகையைப் பயன்படுத்தலாம் என்று 1910இல் எழுதிய சி. ஈ. எம். சுக்யூசு (1858–1949) கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1938இல் இலண்டன் பிளைஃபிசர்சு கழகத்தில் இதற்கென ஒரு விவாதமே நடந்தது. இன்று இருமுறைகளும் வழக்கில் உள்ளன. எனினும் சில ஆறுகளில் பருவத்தின் முற்பகுதியில் மிதக்கும் ஈ மட்டுமே இசைவு பெறும்.

ஆங்கிலேயர் தங்கள் ட்ரவுட்டை நீலகிரி, நுவரெலியா முதலிய மலைநாடுகளுக்கும் கொண்டுவந்து வளர்த்தனர்.

மேஃபிளைகளின் வீழ்ச்சி

பூச்சி அற்றுப்போனால் அதன் போலிக்கும் வேலை இல்லை. வயல்களிலிருந்து வரும் வண்டல் படுகையின் இடைவெளிகளை அடைக்கின்றது. கழிவுநீரிலும் உரத்திலும் உள்ள பாசுபேட்டுப் பாசியைப் பெருக்குகின்றது. பூச்சிக்கொல்லிகள் சிறு அளவிலும் இளவுயிரிகளைத் தாக்குகின்றன. சேற்றில் வளை தோண்டும் எபிமெரா டானிக்கா இவற்றுள் வண்டலை ஓரளவு தாங்குகின்றது. ஆகவே மே மாதப் பெருங்கூட்டத்தை மட்டும் பார்த்து ஆறு நலமாக உள்ளது என முடிவு செய்வது தவறு. சிறிய ஆலிவ் இனங்கள் அதற்கு முன்பே குறைந்திருக்கலாம்.

வட அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் எக்சசீனியா மேஃபிளைகள் 1950களில் மாசினால் ஏறத்தாழ மறைந்து, 1990களில் திரும்பின. அவற்றின் திரள்கள் வானிலை ராடாரில் தெரியும் அளவுக்குப் பெரியவை. அந்த ராடார் பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு, 2012க்கும் 2019க்கும் இடையில் மேல் மிசிசிப்பி ஆற்றில் இவை பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. சாலைகளும் இவற்றுக்குப் பகை ஆகின்றன. தார்ச்சாலை ஒளியை நீர் போலவே முனைவுறச் செய்து எதிரொளிப்பதால், பெண் பூச்சிகள் அதனை நீரென மயங்கி முட்டையிடுவதை அங்கேரிய ஆய்வாளர்கள் 1998இல் விளக்கினர்.

பிரித்தானியாவில் தூண்டிற்காரர்களே பயிற்சி பெற்று ஆறுகளைக் கண்காணிக்கும் திட்டம் 2007 முதல் நாடளவில் நடைபெறுகின்றது. மாதந்தோறும் மூன்று நிமிடம் காலால் படுகையைக் கிளறி, கீழே பிடித்த வலையில் சேரும் எட்டு வகை நீருயிரிகளை எண்ணுவர். எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே சென்றால் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படும். எண்ணி முடித்த உயிரிகள் மீண்டும் ஆற்றிலேயே விடப்படுகின்றன.