பழைய இரும்புப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும்?

நெடுஞ்சாலையிலுள்ள பழைய எஃகுப் பாலங்கள் சிலவற்றின் முகப்பில், இத்தனை டன்னுக்கு மேல் செல்லலாகாது என்னும் பலகையைக் காண்கிறோம். "நேற்றுவரை தாங்கிய பாலம் இன்று தாங்காதா?" என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி உணர்த்தும்.

அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின்மீது 1928-ஆம் ஆண்டில் சில்வர் பாலம் கட்டப்பட்டது. 1967 டிசம்பர் 15-ஆம் நாள் மாலை, வாகனங்கள் நிறைந்திருந்த வேளையில் அது சரிந்து ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சட்டமொன்றில் ஏற்பட்டிருந்த, இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே உள்ள விரிசல்தான் காரணம். இணைப்பினுள் மறைந்திருந்ததால் அது எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. இதன் விளைவாக, 1971-இல் அந்நாடு முழுமைக்கும் பாலப் பரிசோதனை விதிகள் வகுக்கப்பட்டன.

பாலத்தின் வலிமையை எவ்வாறு கண்டறிகின்றனர்? பொறியியலாளர்கள் முதலில் துருவை அகற்றி, எஞ்சியுள்ள எஃகின் கனத்தை அளக்கின்றனர். ஆணித் துளைகளிலும் இணைப்புகளிலும் விரிசல் உண்டா என ஆராய்கின்றனர். பிறகு கணக்கிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு பாலத்தின் சட்டம் 100 டன் தாங்க வல்லது எனக் கொள்வோம். அதில் 60 டன் பாலத்தின் சொந்த எடைக்கே சரியாகிவிடும். வண்டிகளுக்கு எஞ்சுவது 40 டன். துருவினால் சட்டத்தின் வலிமை 80 டன்னாகக் குறைந்தால், வண்டிகளுக்கு எஞ்சுவது 20 டன் மட்டுமே. வலிமையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. ஏற்றத்தக்க பாரமோ பாதியாகிவிட்டது! ஓடும் வண்டியின் அதிர்வுக்காகவும் பாதுகாப்பிற்காகவும் இதிலும் ஒரு பகுதியைக் கழித்தல் வேண்டும். பாலத்தின் உறுப்புகளுள் மிகவும் நலிந்தது எதுவோ, அதுவே இறுதி அளவை நிர்ணயிக்கிறது. ஐயம் எழுமாயின், எடை தெரிந்த லோரிகளைப் பாலத்தின்மேல் நிறுத்தி, சட்டங்கள் எவ்வளவு வளைகின்றன என்று கருவிகளால் அளந்து பார்ப்பர்.

மிகைப் பாரம் ஏற்றிய லோரி ஒருமுறை கடந்துவிட்டதால் பாலம் உறுதியானது என்று பொருளன்று. ஒவ்வொரு முறையும் விரிசல் சிறிது சிறிதாக வளரக்கூடும்.

ஆகவே, ரப்பர் பாலோ செம்பனைக் குலையோ ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள், சரக்கின் எடையோடு லோரியின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். பாலத்தில் புதிய விரிசலையோ, கழன்ற ஆணியையோ, வழக்கத்திற்கு மாறான ஆட்டத்தையோ கண்டால், தோட்ட நிர்வாகத்திற்கோ பொதுப்பணி அலுவலகத்திற்கோ உடனே தெரிவிப்போம். நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்தும் அதே பாலத்தைத்தான் கடக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.